ஒற்றைக் கையால் நண்டு தின்றவன்

போன ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கில் ஒரு முதல்நன்மை விருந்துக்குப் போயிருந்தேன். தேவாலயத்தில் முதல்தடவை நற்கருணை வாங்கிவிட்டு வந்த, வெள்ளை உடுப்புப் போட்ட அந்த வீட்டுச் சிறுமி என் முன்னால் வந்து நின்று பொரித்த பற்றிஸ் பலகாரத் தட்டை நீட்டினாள். இடக்கையால். கூடம் நிறைய எங்கள் சனம் இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தொண்டைவரை ஒரு வசனம் வந்து நின்றது. அதைப் பற்றிஸோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து வழக்கம்போல நாள்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் அது என்னுடைய வசனமே அல்ல என்று ஞாபகம் வந்தது. அது அஞ்சலா அக்காவுடையது. சிறுமியின் தகப்பன் ஜெறியைப் பெற்ற அஞ்சலா அக்கா.

ஜெறி ஒரு காலத்தில் பேஸ்போல் பந்தெறிந்தவன், அதுவும் இடக்கையால். அப்போது நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். உவமையாகச் சொல்லவில்லை, வேலையே அதுதான். வெள்ளைத் தூள் நிரப்பிய சிறு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், பின்னால் கோடு விழும். ஆட்டம் தொடங்கியதும் சப்பாத்துக் கால்கள் அதைக் கலைத்துவிடும் என்று தெரிந்தும் நான் நூல் பிடித்துத்தான் போடுவேன். கோடு கோணலாக இருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. விளையாட்டு விளங்கத்தான் நாள் எடுத்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்குப் பந்து நிலத்தில் குத்தாமல் நேரே போவதைப் பார்த்தால் ஏதோ முறை தவறியதுபோல இருக்கும்.

ஜெறி வந்தால் வாசம் முன்னால் வரும். அவனுடைய தோல் கையுறைக்கு அஞ்சலா அக்கா நல்லெண்ணெய் பூசிவிடுவார். வெயிலேறிய மைதானத்தில் எண்ணெய் முழுக்கு நாள்போல மணக்கும். அவனுக்குப் பத்தொன்பது வயது, நெடுவல், கையும் காலும் தேவைக்கு மேல் நீளம். அவன் எறியும் பந்து அடிப்பவனின் நெஞ்சுக்கு நேரே வரும். கிட்ட வந்ததும் மனம் மாறியதுபோல முழங்காலடிக்கு இறங்கிவிடும். அடிக்க நின்றவன் காற்றை அடித்துவிட்டு மட்டையை ஒரு தடவை பார்ப்பான்.

அந்தக் கையை அஞ்சலா அக்கா எப்படி விட்டுவைத்தார் என்பது எனக்கு நெடுநாள் புதிர். ஊரில், பாசையூர்க் கடற்கரையில் பிறந்தவர், மகனை எழுதவும் சாப்பிடவும் வாங்கவும் கொடுக்கவும் சோத்துக்கைக்கு, அதுதான் வலக்கைக்கு, அதட்டி அதட்டி மாற்றியவர். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எறியிறது வேறை, குடுக்கிறது வேறை, தம்பி. எறியிறதிலை பிழையில்லை" என்றார்.

இந்தச் சட்டத்தை ஜெறி மைதானத்திலும் கடைப்பிடித்தான். ஆட்டத்தின் நடுவில் அவனை மாற்றுவதற்குப் பயிற்சியாளர் வந்து பந்தைக் கேட்டால், வலக்கையிலிருக்கும் கையுறையைக் கழற்றி, கமக்கட்டுக்குள் செருகி, பந்தை வலக்கைக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் கொடுப்பான். பயிற்சியாளர் கையை நீட்டியபடி நிற்பார்.

அந்தக் கோடையில் வோல்ற் என்று ஒருவர் வலைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். பெரிய அணிகள் தங்கள் இளம் ஆட்டக்காரரை மைனர் லீக் என்னும் நாற்றுமேடையில் வளர்த்தெடுக்கும். அந்த மேடைக்கு நாற்றுத் தேடி ஊர் ஊராகத் திரிகிறவர் அவர். கையில் வேகம் அளக்கும் கருவி, வாயில் சூரியகாந்தி விதை. நன்றாக எறியும் இடக்கைக்காரன் அவர்களுக்குப் புதையல். ஊரில் பீச்சக்கை என்று சொல்லிச் சிரிக்கிற கைக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் இவ்வளவு மதிப்பா என்று நான் வாய் பிளந்தேன். வோல்ற் ஓம் என்றால் ஜெறி அமெரிக்காவுக்கு விளையாடப் போவான். இல்லையென்றால் தகப்பனோடு குளிரறையில் இறைச்சிப் பெட்டி ஏற்ற வேண்டும். அங்கே பெயரும் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வோல்ற் ஜெறியின் வீட்டுக்கு வந்தார். பையன் எப்படிப்பட்ட குடும்பம் என்று பார்ப்பதும் அவருடைய வேலையில் சேர்ந்ததாம். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார்.

"நீரும் வாரும் தம்பி. உந்த மனிசனோடை கதைக்க எனக்கு ஒரு ஆள் வேணும்" என்று அஞ்சலா அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். "உவர் நண்டு தின்னுவாரோ?"

"ஓம், விருப்பமாத் தின்னுவார்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

நண்டுக் குழம்பு, புட்டு, சொதி. வோல்ற் முள்ளுக்கரண்டியோடு சிறிது நேரம் போராடிவிட்டு இரண்டு கையாலும் இறங்கினார். குழம்பு முழங்கைவரை வழிந்தது. எதிரே ஜெறி இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையாலும் பல்லாலும் நண்டை உடைத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நல்ல பிள்ளையாக அவன் சாப்பிட்டதை நான் கண்டதில்லை. அஞ்சலா அக்காவின் முகத்தில் பெருமை. வோல்ற்றின் முகம் மட்டும் மெல்ல மெல்ல இருண்டது.

கை கழுவிவிட்டு என்னைப் பால்கனிக்கு அழைத்தார். "அவனுடைய தோளில் காயம் இருக்கிறது. எவ்வளவு நாளாக மறைக்கிறீர்கள்?" என்றார்.

என்ன காயம் என்று கேட்டேன். அவர் அடுக்கிக்கொண்டே போனார். பந்தைக் கொடுக்கக் கையை மாற்றுகிறான். தண்ணீர்க் கிளாஸை வலக்கையால் எடுக்கிறான். நண்டை, கடவுளே, நண்டை ஒற்றைக் கையால் தின்கிறான். எறியும்போது வலியைத் தாங்கிக்கொண்டு மிச்ச நேரமெல்லாம் அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கிறான். இப்படி மறைத்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாராம்.

எங்கள் ஆட்கள் இடக்கையால் சாப்பிடுவதில்லை, கொடுப்பதுமில்லை என்றேன். ஏன் என்றார். அந்தக் கைக்கு வேறு கடமை உண்டு என்றேன். என்ன கடமை என்றார். இங்கிலீசில் அதற்கு மரியாதையான சொல் தேடி, கிடைக்காமல், உள்ளே குளியலறைக் கதவைக் காட்டினேன். வோல்ற் கதவைப் பார்த்தார். சற்று முன்னர் நக்கித் துடைத்த தன் இடக்கை விரல்களைப் பார்த்தார். ஆனாலும் நம்பவில்லை. காயத்தை மறைக்க நல்ல சாட்டு என்று நினைத்திருக்க வேண்டும்.

மேசைக்குத் திரும்பியதும் அவர் ஜெறியிடம் சொதிக் கிண்ணத்தைக் கேட்டார். இடக்கையால் எடுத்துத் தரச் சொன்னார். ஜெறி தாயைப் பார்த்தான். மெல்ல இடக்கையை நீட்டினான். கை பாதித் தூரம்தான் போயிருக்கும்.

"டேய், சோத்துக்கையாலை குடு. வந்த மனிசனுக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்காதை."

அடுப்பில் பட்டதுபோல அந்தக் கை திரும்பிப் பறந்தது. வோல்ற் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நோகிற தோள் இந்த வேகத்தில் பின்வாங்காது என்றார். வேகம் அளக்கும் கருவியைக் கொண்டுவராமல் விட்டதற்கு வருத்தப்பட்டார். ஒப்பந்தத்தில் ஜெறி வலக்கையால் கையெழுத்துப் போட்டான். அஞ்சலா அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை தகப்பன் தனியாகத்தான் வேலைக்குப் போனார்.

ஜெறி தெற்கே சில கோடைகள் எறிந்தான். பிறகு இடது முழங்கை பழுதானது. வெட்டித் தைத்தார்கள், சரிவரவில்லை. திரும்பி வந்து காப்புறுதி விற்கத் தொடங்கினான். வெக்ஸ்போர்ட் மைதானத்தில் இப்போது வரிசை வீடுகள். நான் கோடு போட்ட இடத்தில் கார் நிறுத்த யாரோ மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கோணல். நல்லெண்ணெய் மணக்கும் கையுறை எங்கே போனதென்று அவனுக்கே தெரியாது. "சோத்துக்கையாலை குடு" என்ற அந்த வசனமும் போய்விட்டது. பேத்தி இடக்கையால் தட்டு நீட்டியபோது அஞ்சலா அக்கா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். "எடும் தம்பி, ஆறப்போகுது" என்றார், அவ்வளவுதான்.

நான் புறப்படும் நேரம் ஜெறி தேத்தண்ணி கொண்டுவந்தான். "சொறி அண்ணை, லேற்றாப் போச்சு" என்று வலக்கையால் நீட்டினான். இடக்கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. தாய் பழக்கிய மரியாதையா, நீளாத முழங்கையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. சீனிப் போத்தல் அவனுடைய இடப்பக்கத்து மேசையில் இருந்தது. வோல்ற் என்றால் அதை இடக்கையால் எடுத்துத் தரச் சொல்லிச் சோதித்திருப்பார். நான் சீனி போதாத தேத்தண்ணியை அப்படியே குடித்து முடித்தேன்.