படகுக்குப் போட்ட சீர்

தகரம் தட்டுறவனுக்கு முதல்ல காது போகும், அப்புறம் நிம்மதி போகும். என்னை மாதிரிக் கடை வெச்சு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்கி நொந்தவங்களுக்குத்தான் இது புரியும்.

அறுபதுகள்ல பென்னாகரத்துல கடை போட்டேன். அதுக்கு முன்னாடி நாகப்பட்டினத்துப் பக்கம் பாய்மரத் தோணிங்களுக்கு அடியில செம்புத் தகடு அடிக்கிற வேலை. கடல்ல ஒரு புழு இருக்குது. மரத்தைத் தின்னு சல்லடையாக்கிரும். செம்பைப் போர்த்துனா அது கிட்ட வராது. அந்த வித்தையைக் கத்துக்கிட்டு இந்த மலைங்களுக்கு நடுவுல வந்து புனல் செஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் தலையெழுத்து.

செம்பு எங்கே?

நாகமரையிலிருந்து மாதையன் வந்தார். மேட்டூர் அணைத் தண்ணி அங்கே வரைக்கும் தேங்கி நிக்கும். அதுல அக்கரைக்கு ஆள் ஏத்துற மரப்படகு அவருது. கோடையில தண்ணி இறங்குனா பாறை தலைகாட்டும். உரசி உரசிப் படகோட அடிப்பலகை நாராப் போச்சு. படகு நின்னா அவர் வூட்டுல அடுப்பு எரியாது, வேற நிலம் நீச்சு கிடையாது.

அடியில தகரம் அடிச்சுத் தாங்கன்னார். தகரம் துருப்பிடிச்சிரும், நின்னா செம்புதான் நிக்கும்னு சொன்னேன். ஆளைக் கழட்டி விடத்தான் சொன்னேன், வேறென்ன? அவர் தலையைச் சொறிஞ்சார். "செம்பு எங்க வூட்டுப் பரண்மேலயே இருக்குதுங்க பாய்."

வெட்டு

அடுத்த வாரம் பஸ்ஸு மேல ஏத்திக் கொண்டாந்தார். அண்டா, தவலை, குடம், எல்லாம் அவர் சம்சாரம் சின்னத்தாயி கொண்டுவந்த சீர். பெரிய அண்டாவுல அவங்கப்பா பேரை உளியால கொத்தியிருந்துச்சு. அந்தப் பேரு உள்ளே போயிறாம வெளிப்பக்கம், படகு முகப்புலயே தெரியற மாதிரி அடிக்கணும்னு கூட வந்த சின்னத்தாயி சொல்லுச்சு. சரின்னேன்.

கத்திரியை வெச்சதும் அது முகத்தைத் திருப்பிக்கிச்சு. கத்திரியைக் கீழே வெச்சேன். "வேணாம் தங்கச்சி, எடுத்துட்டுப் போயிரு"ன்னேன். திரும்பாமலேயே சொல்லுச்சு: "வெட்டுங்க பாய். அவரு முழுகிப் போயிட்டா நான் யாருக்குத் தண்ணி மோந்து குடுக்கப் போறேன்?"

மாமியார் ஆணி

ஆத்தங்கரையில படகைக் கவுத்துப்போட்டு, தார் தடவுன சாக்கை ஒட்டி, அதும்மேல தகடு. ஒத்தாசைக்கு வந்த ஆசாரி ஒரு பை நிறைய இரும்பாணியோட நின்னார். ஐயோ, அது ஆகவே ஆகாது. செம்பும் இரும்பும் தண்ணிக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்தா இரும்பு கரைஞ்சு போயிரும். வெள்ளைக்காரன் முதன்முதலா கப்பலுக்குச் செம்பு போர்த்துனப்ப இரும்பாணி அடிச்சானாம்; ஆணியெல்லாம் கூழாகித் தகடு தொங்கிருச்சாம். நாகப்பட்டினத்துல எனக்குத் தொழில் கத்துக்குடுத்த தோணித்துறை மேஸ்திரி இதை ஆயிரம் தடவை சொல்லித் திட்டியிருக்கார்.

குடத்து விளிம்பையும் அண்டா வளையத்தையும் வெட்டிச் செம்பாணி செஞ்சேன். ஆசாரி பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டார். "மாமியாளையும் மருமவளையும் ஒரே வூட்டுல வெக்கக் கூடாதுங்கிறீங்க, அவ்வளவுதானே பாய்?"

புளி

படகு நல்லாத்தான் ஓடுச்சு. அக்கரையில ஒரு கல்யாணத்துக்குப் போகையில பாத்தேன். படகைக் கரையில சாய்ச்சு வெச்சுக்கிட்டு, சின்னத்தாயி புளியும் மணலும் போட்டு அடியைத் தேய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை தவறாம இதே வேலையாம். படகு சும்மா தகதகன்னு மின்னுது. அது அங்கே புளியைக் கரைச்சுது, எனக்கு இங்கே வயித்துல கரைச்சுது.

செம்பு மேல ஏறுற பச்சைக் களிம்புதான் தகட்டுக்குப் போர்வை. தேய்க்கத் தேய்க்கச் செம்பும் சேந்து போகும்னு தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். மாதையன் துடுப்பைத் தூக்கிக்கிட்டு நகந்துட்டார், சீரையே வெட்டக் குடுத்தவகிட்டப் பேச அவருக்கு ஏது முகம்? சின்னத்தாயிதான் இடுப்புல கைவெச்சுக் கேட்டுச்சு: "எங்கப்பன் போட்ட சீரைக் களிம்பேற வுட்டேன்னு ஊரு பேசாதுங்களா?"

சோதனை

படகுங்க ஓடத் தகுதியான்னு பாக்க ஒரு ஆபீசர் வந்தாராம். பக்கத்துப் படகையெல்லாம் தட்டிப் பாத்தவர், இந்தப் பளபளப்பைப் பாத்ததும் தட்டவே இல்லையாம். "இதுல சோறே பொங்கலாம் போலிருக்கே!"

உள்ளே

எழுபதுகள்ல ஒரு கோடை. தண்ணி ஒழுகுதுன்னு மாதையன் ஆள் அனுப்புனார். ஒரு தகட்டைப் பிரிச்சேன். காகிதம் கணக்கா இருந்துச்சு. ஆணி ஓட்டை ஒவ்வொண்ணும் அகண்டு, அது வழியா வருஷக்கணக்காத் தண்ணி உள்ளே போயிருக்குது. சாக்கு மக்கி, பலகை நனைஞ்ச புண்ணாக்கா உதிர்ந்துச்சு. மாதையன் விரலை வெச்சு அமுக்குனார், விரல் அந்தப் பக்கம் போயிருச்சு. இத்தனை நாள் அதுலதான் ஊரு சனத்தை ஏத்திக்கிட்டுப் போயிருக்கார்.

அதோட படகு நின்னுச்சு. அவர் கல்லுடைக்கப் போயிட்டார். போறதுக்கு முன்னாடி சொன்னது இதுதான்: "வெளியில பாத்தா கண்ணாலப் பொண்ணாட்டம் இருந்துச்சுங்களே பாய்."

ஒரு குடம்

கொஞ்ச நாள் கழிச்சுச் சின்னத்தாயி தகடெல்லாம் சுருட்டிக்கிட்டுக் கடைக்கு வந்துச்சு. ஒரே ஒரு குடம் செஞ்சு குடுங்கன்னுச்சு. சல்லடையில என்னத்தைக் குடம் செய்யறது? "இதுல தண்ணி நிக்காது தங்கச்சி"ன்னேன். அழல, சண்டை போடல. சுருளைப் பிரிச்சு முகப்புத் தகட்டைத் தேடி எடுத்துச்சு. அதுல ஒரு எழுத்துகூட மிச்சமில்ல, வழுவழுன்னு மினுங்குச்சு. வெளிச்சத்துக்கு நேராத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு எங்கிட்ட நீட்டுச்சு. "பேரு இருந்த இடமாவது எதுன்னு தெரியுதுங்களா பாய்?"

மரத்தைப் புழு தின்னா தடுக்கத் தெரிஞ்ச தொழில் என்னுது. சீரைப் பாசம் தின்னா என்ன செய்யறதுன்னு எந்த மேஸ்திரியும் எனக்குச் சொல்லித் தரலைங்க.