ஜிப்பைத் திறக்க எத்தனை விநாடி: திருவேட்டக்குடிக்கு ஒரு பயணம்

ராணுவ ஹெலிகாப்டர் வீரர்களுக்கான உயிர்காப்பு மேற்சட்டையை வடிவமைப்பது என் வேலை. புதிய சட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பிய படிவங்கள் அத்தனையிலும் ‘திருப்தி’ என்றே டிக். மேலதிகாரி பார்க்கிற தாளில் யார்தான் குறை எழுதுவார்? அதனால்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை, அப்படி டிக் போட்டவர்களில் ஒருவரான, விடுப்பில் சொந்த ஊர் திருவேட்டக்குடிக்கு வந்திருந்த வீரர் செபஸ்தியனைப் பார்க்கக் கிளம்பினேன்.

மயிலாடுதுறையில் காலை 7.10க்குப் பேருந்து. பூவம் தாண்டிக் காரைக்கால் வர ஒன்றரை மணி நேரம், 40 ரூபாய். திருவேட்டக்குடிக்கு வழியிலேயே இறங்கியிருக்கலாம், தெரியாமல் காரைக்கால் வரை போய், திரும்பி வர ஆட்டோவுக்கு 250 அழுதேன். “இங்க சரக்கு வெல கம்மி, காரைக்கால்லேருந்து பை கனமா வெளியதாங்க போவும், நீங்க உள்ள கொண்டாறீங்களே!” என்று சிரித்தார் ஓட்டுநர்.

“நல்லாத்தாங்க மேடம் இருக்கு. கொஞ்சம் வேர்க்கும், அவ்ளோதான்” என்று செபஸ்தியன் மூன்று முறை சொன்னார். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கடிந்தே விட்டேன். அவர் நான் கொண்டுபோன சட்டையையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் இறங்கினார். மார்பளவு தண்ணீர்.

ஹெலிகாப்டர் கடலில் கவிழ்ந்தால் மூச்சுவிட, நெஞ்சுப் பையில் சின்னக் காற்றுக் குப்பி ஒன்று இருக்கும். முன்பு அந்தப் பைக்கு இழுத்தால் பிரிகிற ஒட்டுப்பட்டைதான் (வெல்க்ரோ). குப்பி நழுவுகிறதென்று ஜிப் வைத்தது நான்.

“எண்ணுங்க” என்று மூழ்கினார்.

பத்து. பதினைந்து. நனைந்த கையுறையில் ஜிப் வழுக்கிக்கொண்டே இருந்தது. இருபது. கரையில் நின்ற அவர் மனைவி ஜெசிந்தா, “ஏங்க, போதும், எழுந்திரிங்க!” என்று கத்தினார். இருபத்தெட்டில் எழுந்தார், குப்பியை எடுக்க முடியாமலே.

“அங்க இப்படி நேரா நிக்க மாட்டோம் மேடம். தலைகீழா, இருட்டுல கெடப்போம்” என்றார் இருமிக்கொண்டே.

“அப்பறம் ஏன் நல்லாருக்குன்னு எழுதுனீங்க?” என்றார் ஜெசிந்தா.

“எல்லாரும் அப்படித்தான் போடுவோம்.”

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். “அக்கா, திங்கக்கெழம இவரு இதைத்தானே போட்டுக்கிட்டுப் பறக்கணும்?”

அங்கிருந்தே என் மேலாளரை அழைத்தேன். எழுத்தில் புகார் வந்தால்தான் சட்டையைத் திரும்பப் பெற முடியும் என்றார். மாற்றி எழுதினால் கேள்வி வருமே என்று செபஸ்தியன் தயங்க, ஜெசிந்தா பேனாவை நீட்டினார். செபஸ்தியன் ஈரக் கையோடு எழுதினார். கூட வேலை செய்யும் ஐந்து பேருக்கும் போன் போட்டு, அவர்களையும் எழுதச் சொன்னார்.

நீங்களும் இப்படிக் கருத்துக் கேட்கப் போனால் பொருளைக் கையோடு எடுத்துப் போங்கள், வீட்டார் இருக்கும்போதே கேளுங்கள். திரும்பும் பேருந்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன்.

ஞாயிறு மாலைக்குள் ஆறு புகார்கள் வந்தன, அன்றிரவே புதிய சட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. எழுதிய ஆறு பேருமே முன்பு ‘திருப்தி’ போட்டவர்கள். திங்களன்று செபஸ்தியன் பழைய சட்டையில்தான் பறந்தார் என்று ஜெசிந்தா சொன்னபோது, நான் தைக்கச் சொன்ன ஜிப் சட்டையை ஒருவரும் தொடவில்லை என்ற நிம்மதியில் அழுதுவிட்டேன்.