மழைமானிக்குப் போட்ட தார்ப்பாய்

நடந்தவை, வரிசையாக:

1. சுனாமிக்கு மறு வருடம், 2005இல், வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று எங்கள் கடற்கரைப் பக்கம் வந்தது. இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்திருந்த எனக்கு வேலை கொடுத்தது.
2. மரக்காணம் உப்பளத்தில் ஒரு மழைமானியை நட்டோம். உப்பு சீசனில் ஒரே நாளில் இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானால் உப்பு எடுப்பவர்களுக்கு இழப்பீடு உண்டு.
3. 2006 ஜனவரியில் முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.
4. மே மாதத்தில் ஒரு விடியற்காலை மழை கொட்டியது. உப்பு கரைந்தது.
5. மழைமானி பதினொன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர் என்று காட்டியது.
6. மழை தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு பெண் ஓடிப்போய், கருவி நனையாமல் இருக்க அதன் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டியிருந்தார்.
7. கருவியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொன்னது நான்.

ஏழாவதை முதலில் எழுதியிருக்கலாம். அந்த மாதங்களில் பஸ்ஸில் உட்கார்ந்தாலும், சாப்பிட உட்கார்ந்தாலும், மனம் அங்கேதான் போய் நின்றது.

புதுச்சேரியில் எங்கள் கிளை ஒரு மாடி அறை. நான்கு மேசைகள், ஒரு உலகப் படம். தலைமையகம் ஒரு புதிய நாட்டில் அலுவலகம் திறந்தால் எல்லாருக்கும் மெயில் வரும். நாங்கள் படத்தில் ஒரு சிவப்பு ஊசியைக் குத்துவோம். பிரீமியம் வருமானம் ஏறியது, லாபம் ஏறியது, பங்கு விலை ஏறியது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை இன்னொரு மெயில் வரும். மற்றவர்கள் அதைத் திறக்கமாட்டார்கள். நான் கடைசி வரி வரை படிப்பேன். கீழ்புத்துப்பட்டிலிருந்து சென்னைக்கே இரண்டு முறைதான் போயிருந்தேன். எனக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி இத்தனை நாடுகளில் இருக்கிறது என்பதில் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஜனவரியில் உப்புக் கொட்டகையில் கூட்டம் போட்டோம். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முதல் கேள்வியைக் கேட்டார்.

“ஏம்மா, மரக்காணத்துல மழ பேஞ்சா வெளிநாட்டுக்காரன் இன்னாத்துக்குக் காசு குடுக்கணும்?”

“எல்லா நாட்டுலயும் ஒரே நாள்ல மழ பேயாதுங்க. இங்க பேயறப்ப இன்னொரு நாட்டுல வெயில் அடிச்சிட்டிருக்கும். அங்க கட்டின பணத்துலேர்ந்து இங்க குடுப்பாங்க. அதுக்குத்தான் அத்தன நாட்டுல கம்பெனி வச்சிருக்காங்க.”

“அப்ப அவன் ஊர்ல கெட்டுப்போனா நம்ம காசு அங்க போவும்?”

“போவும்.”

பின்னாலிருந்து ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளில் தட்டினார். “டேய், பாஸ்போர்ட்டுக்கு அலைஞ்சியே. நீ போவலன்னாலும் உன் காசு போவுதுடா.”

எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு கையெழுத்து வாங்குவது சுலபமாக இருந்தது. மழைமானியின் படத்தைக் காட்டி, புனலில் மழை விழும், உள்ளே இருக்கும் சின்னத் தொட்டி நிறைந்து நிறைந்து கவிழும், ஒவ்வொரு கவிழ்ப்பும் நேரத்தோடு பதிவாகும் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். ஆனால் கொட்டகையில் இருந்தவர்கள் ஆண்கள். கூடையில் உப்பு சுமந்த பெண்கள் பாத்திக்கும் குவியலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைய கூட்டக் குறிப்பில் வந்தவர்களின் எண்ணிக்கையை எழுதினேன். வராதவர்களைப் பற்றி எழுதவில்லை.

மழைமானிக்கு மிக அருகில் இருந்த பாத்திகளை ஒரு கணவனும் மனைவியும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டது கணவர். மனைவிக்கு நாற்பது வயது இருக்கும், நான் அக்கா என்று கூப்பிடுவேன். கருவியை நட்ட அன்று அவரிடம், “அக்கா, இது வெல ஜாஸ்தி. ஒண்ணும் ஆவாம பாத்துக்கோங்க” என்றேன். விலையையும் சொன்னேன்.

“எங்க வூட்ட வித்தாகூட அவ்ளோ வராதே பாப்பா” என்றார் அவர்.

அதன் பிறகு ஆடு பக்கத்தில் வந்தாலும் காக்கை உட்கார்ந்தாலும் கல்லை எடுத்துக்கொண்டு ஓடுவார். எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்த மே மாதக் காலை, எங்கள் ஊரில் வெறும் தூறல். கூனிமேடு தாண்டியதும் சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. மரக்காணத்தில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. எட்டேகாலுக்கு உப்பளம் போய்ச் சேர்ந்தேன். பாத்திகள் சேற்று நிறத்தில் ததும்பின. மழை திடீரென்று வந்ததால் பாதிப் பேருக்குக் குவியலைத் தென்னங்கீற்றால் மூட நேரமில்லை. குவியல்கள் ஓரம் கரைந்து சரிந்து கிடந்தன. நடுவில், கம்பத்தின் மேல் நீல நிறத்தில் ஒரு மூட்டை. தார்ப்பாயை மூன்று சுற்று சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அக்கா முழங்கால் வரை சேற்றோடு என்னை நோக்கி வந்தார்.

“வா பாப்பா. உன் மிஷின் மேல ஒரு சொட்டு வுழல.”

நான் கம்பத்தை நோக்கி நடந்தேன், அவரும் கூடவே வந்தார்.

“எங்க வூட்டுக்காரரு குமிக்குத்தான் போடணும்னாரு. இருக்கறது ஒரு பாயி. ஆபீஸ் சாமான்யா, மொதல்ல அதுக்குப் போடுன்னு நான்தான் புடுங்கினு வந்தேன்.”

அவருடைய குவியல் அவருக்குப் பின்னால் தெரிந்தது. முந்தின நாள் மாலை என் தோள் உயரம் இருந்தது. இப்போது இடுப்புக்குக் கீழே இருந்தது.

எதைச் செய்தாலும் முதலில் படம் எடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் கேமராவில் நான்கு பக்கமும் எடுத்தேன். முடிச்சைத் தனியாக எடுத்தேன். பிறகு அவிழ்த்தேன்.

“அக்கா, இது நனையறதுக்குத்தான் இருக்குது. நனைஞ்சாத்தான் எவ்ளோ மழைன்னு அதுக்குத் தெரியும்.”

அவர் கம்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நனையறதுக்கா அவ்ளோ வெல?”

பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு கவிழ்ப்பு என்றால் புள்ளி இரண்டு மில்லிமீட்டர். ஐந்து இருபதுக்கு முதல் கவிழ்ப்பு. பிறகு வேகம் கூடிக்கொண்டே போய், கடைசியில் கால் நிமிடத்துக்கு ஒன்று. ஐந்து நாற்பத்தொன்றுக்கு ஐம்பத்தேழாவது. அதன் பிறகு ஒன்றுமில்லை. இயற்கையில் எந்த மழையும் அப்படிக் குழாயை மூடியதுபோல நிற்காது. நின்ற மழைக்கும் மூடிய மழைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிவிலேயே தெரிந்தது. மழை ஏழு மணி வரை பெய்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை. அதன் வாசலில் மேல்பக்கம் வெட்டிய எண்ணெய் டின் ஒன்று நிமிர்ந்து நின்றது. சதுர டின், மேலும் கீழும் ஒரே அகலம். ராத்திரி கழுவிக் கவிழ்த்து வைத்ததாகவும், விடியற்காலை கடை திறந்ததும் நிமிர்த்தி வெளியே வைத்ததாகவும் கடைக்காரர் சொன்னார். ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு மில்லிமீட்டர். அதையும் படம் எடுத்தேன்.

“எதுக்கும்மா டின்ன அளக்கற? வாங்கப் போறியா?” என்றார் அவர்.

சென்னையில் இருந்த என் மேனேஜருக்கு போன் செய்தேன். நல்ல மனிதர், அவசரக்காரர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “யாரு கட்டினது, பாலிசி எடுத்தவரு பொண்டாட்டியா?” என்றார்.

“ஆமா சார்.”

“பன்னண்டாவது ஷரத்த படிச்சிருக்கியா?”

படித்திருந்தேன். காப்பீடு எடுத்தவரோ அவர் குடும்பத்தாரோ கருவியில் தலையிட்டால் குழுவின் பாலிசி மொத்தமும் ரத்தாகலாம். முப்பத்தொரு பேருக்கும்.

“காத்துல பாய் பறந்து வந்து மாட்டிக்கிச்சுன்னு எழுதும்மா. கத முடிஞ்சுது. டின் போட்டோவையும் சேத்து அனுப்பு, நான் பேசிக்கறேன்.”

“முடிச்சு போட்டிருக்குது சார்.”

“முடிச்ச யாரு பாத்தா?”

“கேமரால இருக்குது.”

“ஒன் இஷ்டம்” என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அறிக்கையை நான்கு விதமாக எழுதினேன். ஒன்றில் காற்று இருந்தது. ஒன்றில் ‘அடையாளம் தெரியாத நபர்’ இருந்தார். ஒன்றில் யாருமே இல்லை, கருவி தானாகவே மூடிக்கொண்டது போல இருந்தது. நான்காவதில் நடந்தது இருந்தது. அதை அனுப்பினால் முப்பத்தொரு பேரின் பாலிசியும் போகலாம். போனால் ஊர் முழுக்க அக்காவைத்தான் குறை சொல்லும். மற்ற மூன்றில் ஒன்றை அனுப்பினால் பணம் வரலாம். பிறகு யாராவது கிளறினால் எல்லாரும் சேர்ந்து ஏமாற்றியதாக ஆகிவிடும்.

மூன்றாம் நாள் அக்காவிடமே போய்ச் சொன்னேன். அவர் பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார். மிதிப்பதை நிறுத்தவில்லை.

“எழுது” என்றார். “நான் இன்னா திருடறதுக்கா போட்டேன்? என் உப்பு போச்சில்ல, அத்தையும் எழுது.”

“மத்தவங்க உங்கள ஏதாவது சொல்லுவாங்க அக்கா.”

“நீ போயி சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டுப் போறேன்.”

அன்று மாலையே டீக்கடை முன்னால் எல்லாரும் இருக்கும்போது சொன்னார். நானும் அங்கே நின்றிருந்தேன். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“மழைய அளக்கற மிஷினுக்குக் கொட புடிச்சியா நீ?”

“புடிச்சேன். ஒனக்குப் புடிக்க ஆளில்ல, அதுக்காவது புடிச்சேன்.”

“முப்பது பேரு வயித்துல மண்ணப் போட்டுட்டு வாய் பாரு இவளுக்கு.”

“ஏம்பா, ஜனவரில மீட்டிங்குக்குப் போனியே. நனையணும்னு ஒனக்குத் தெரியுமில்ல. என்னாண்ட வந்து சொன்னியா?”

அவர் கிளாஸை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். நானும் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் கணவர் தலையைக் குனிந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். அதன் பிறகு இரண்டு மாதம் அக்கா நடந்து போகும்போதெல்லாம் யாராவது, “மேகம் கட்டுது, பாய எடு” என்று குரல் கொடுப்பார்கள். சிலர் அவரிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

நான்காவது அறிக்கையை அனுப்பினேன். அவர் தன் குவியலைத் திறந்து போட்டுவிட்டுக் கருவியை மூடினார் என்பதை அவர் சொன்னபடியே ஒரு தனிப் பத்தியாக எழுதினேன். லாபத்துக்காகச் செய்த தலையீடு என்றால் யாரும் தன் உப்பைக் கரையவிட்டுச் செய்யமாட்டார்கள் என்றும் சேர்த்தேன்.

கோப்பு சென்னைக்குப் போய், மும்பைக்குப் போய், கடல் கடந்தது. தினமும் வேலை முடிந்ததும் ஒரு பிரௌசிங் சென்டரில் பத்து ரூபாய்க்குப் பதினைந்து நிமிடம் வாங்கி மெயில் பார்ப்பேன். மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மீதிப் பன்னிரண்டு நிமிடம் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பேன். எனக்கு வந்ததெல்லாம் புதிய நாட்டு மெயில்கள்தான். கிளையில் இன்னொரு ஊசி குத்தினார்கள்.

ஜூலையில் கடிதம் வந்தது. இரண்டு முடிவுகள். ஒன்று, இது தலையீடு ஆகாது, பாலிசி செல்லும். இரண்டு, கருவியின் பதிவு முழுமையாக இல்லாததால் ஒப்பந்தப்படி மாற்று நிலையமான புதுச்சேரி வானிலை நிலையத்தின் அளவு எடுத்துக்கொள்ளப்படும். அன்று அங்கே பதினான்கு மில்லிமீட்டர். ஆகவே இழப்பீடு இல்லை. எண்ணெய் டின் அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல.

ஆகஸ்டில் அரையாண்டு முடிவுகளை அறிவிக்கச் சென்னையில் ஒரு ஹோட்டல் ஹாலில் எல்லாக் கிளைகளையும் கூட்டினார்கள். தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். ஸ்லைடில் நாடுகளின் பெயர்கள் ஓடின. வருமானக் கோடு மேலே போனது. புதிய சந்தைகள் என்ற தலைப்பில் எங்கள் உப்பளத்தின் படம் வந்தது. பின்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி: மழைக் காப்பீடு, தமிழ்நாடு, இழப்பீட்டுக் கோரிக்கைச் செலவு சுழியம். இதே திட்டத்தை இன்னும் நான்கு கடற்கரைகளுக்குக் கொண்டு போகிறோம் என்றார் அதிகாரி. சுழியம்தான் காரணம்.

கேள்வி இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் எழுந்தேன். என் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள் சொன்னேன். அந்தச் சுழியம் மழை பெய்யாததால் வந்தது அல்ல. மழைமானி மூடியிருந்ததால் வந்தது. மற்ற நான்கு கடற்கரைகளிலும் உப்பு சுமப்பவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாவிட்டால் அங்கேயும் சுழியம் வரும்.

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு, பதிவுக் கோப்பைத் தனக்கு நேரடியாக அனுப்பச் சொன்னார். வெளியே வந்ததும் மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடியா கேப்பாங்க? யாரும் பிரியாணிகூட ஒழுங்கா சாப்புடல.”

அவர் கோபமாக இருந்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் தட்டில் இரண்டாவது முறை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

ஐம்பத்தேழு கவிழ்ப்புகளின் பதிவை, படங்களோடு, அன்றே அனுப்பினேன். மறு ஆய்வுக்கு எடுத்திருப்பதாகச் செப்டம்பரில் ஒரு வரி பதில் வந்தது. அதன் பிறகு இரண்டு முறை நினைவூட்டினேன்.

இப்போது நவம்பர். பாத்திகள் தண்ணீரில் கிடக்கின்றன. பணம் வரவில்லை. கோப்பு மூடப்படவும் இல்லை. அடுத்த வருடத்துக்கான படிவங்கள் என் மேசைக்கு வந்துவிட்டன. முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் பழையது வராமல் புதியதில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து பேர் யோசிக்கிறார்கள். அக்கா, பாலிசி இனி தன் பெயரில் இருக்க வேண்டும் என்கிறார். அவர் கணவர் இன்னும் சம்மதிக்கவில்லை. நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.