அமலிக்குப் பச்சைப் பட்டு வேண்டாம்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், போன் அடித்தது. திரையில் அமலியின் பெயர். "என்னடி, பஸ்ஸ விட்டுட்டியா?" என்றேன். பேசியது அவள் கணவர் சேவியர் அண்ணன். "அமலி போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வரல." நாற்பத்திரண்டு வயது. அதெல்லாம் ஒரு வயதா? எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பத்தில் நாங்கள் வேலை பார்க்கும் இந்த பிளக்ஸ் கடையில், கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று உங்கள் வீட்டு பேனர்களில் பாதி அவள் கையால் வந்தவை. பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். மதியம் சோற்று டப்பாவை மூடியதும் போனை எடுத்து, நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து சுடுகிற விளையாட்டைத் திறப்பாள். எனக்கு அதில் ஒன்றும் புரியாது. வேடிக்கை பார்ப்பேன்.

ஒருநாள் முதல்முறையாக மைக்கைத் திறந்து பேசினாள். பெண் குரல் என்று தெரிந்ததும் அணியில் ஒருத்தன், "ஆன்ட்டி, அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாருங்க" என்றான். மற்ற இரண்டு பேரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். இவள் அசரவில்லை. "பால இறக்கி வச்சுட்டுத்தான்டா வந்தேன். உன் முதுகுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான், மொதல்ல அவனப் பாரு." அவன் திரும்புவதற்குள் செத்துப்போனான், ஆட்டத்தில்தான். அதன்பிறகு அவள் மைக்கை மூடியதே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இறந்துபோன பெண்ணின் படம் நைட்டியோடு இருந்தால், தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் பச்சைப் பட்டுச் சேலை உடம்பில் ஒட்டிவிடுவோம். அந்த உடம்பு யாருடையதோ, எங்களுக்கே தெரியாது. "நம்ம வட்டாரத்துல பாதிப் பொம்பளைக ஒரே சேலையிலதான் மேல போயிருக்காக. நான் செத்தா என் தலைய அதுல ஒட்டிராத ஆத்தா" என்பாள் அமலி. வாயைக் கழுவு என்று நான் திட்டுவேன்.

போன வருடம் ஒரு மண்டபத்தில் வீடியோ கேம் போட்டி நடந்தது. நடத்துகிறவர் விளம்பர பேனருக்குப் படம் கொண்டுவந்தார். ஒரு பெண், கையில் துப்பாக்கி. துப்பாக்கி முழுசாக இருந்தது, உடுப்புதான் முழுசாக இல்லை. "பொண்ணு படம் போட்டாத்தான் பசங்க வருவாங்க" என்றார்.

"அப்ப பொண்ணுக வர வேணாமா?" என்றாள் அமலி.

"அவங்களுக்குத் தனியா சமையல் கேம் இருக்குக்கா. அத மட்டும் ரோஸ் கலர்ல போட்டுருங்க. பரிசு குக்கர்."

அமலி படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "இந்த உடுப்போட மேகமலைக் குளிருக்குள்ளயே போக முடியாது. இவ சண்டைக்கா போவா?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் மாட்டி அச்சுக்கு அனுப்பிவிட்டாள். முதலாளி கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே போட்டியில், பையன்கள் ஆடும் பிரிவில், அமலோற்பவம் என்று தன் முழுப் பெயரையும் எழுதிக்கொடுத்தாள்.

நானும் கூடப் போனேன். வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு, "உங்க பையன் எங்கம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். "பையன் இல்ல, நாந்தான்" என்று உள்ளே போனாள். மூன்றாவதாக வந்தாள். மேடையில் குக்கரை நீட்டினார்கள், பெண்மணிக்குச் சிறப்புப் பரிசாம். அவள் கையை நீட்டவில்லை. "குக்கர் வீட்டுல ரெண்டு கெடக்கு. மூணாவது வந்தவனுக்கு என்ன வச்சிருக்கீகளோ, அதக் குடுங்க." பின்வரிசையில் ஒருத்தன் கைதட்ட, மூன்றாம் பரிசான ஹெட்செட் அவள் கைக்கு வந்தது. மண்டப வாசலிலேயே அதை மாட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நான் படம் எடுத்தேன்.

அடக்கத்தன்று சேவியர் அண்ணனுடன் பிறந்த மூத்தவர் அதே படத்தோடு கடைக்கு வந்தார். "வேற நல்ல போட்டோ இல்ல. காதுல இருக்கிறத எடுத்துட்டு, பூ வச்சு, பட்டுச் சேலை ஒண்ணு போட்டு விடும்மா. கீழ இல்லத்தரசின்னு எழுது."

என் கை, பழக்க தோஷத்தில், பச்சைப் பட்டைத் திறந்தேவிட்டது. அவள் தலையை வெட்டப் போனேன். அவள் நாற்காலி பக்கத்தில் காலியாகக் கிடந்தது. "என்னால முடியாதுங்கய்யா" என்றேன்.

"எழவு வீட்டுல வெளையாட்டுச் சாமானா? ஊரு சிரிக்கும்!"

சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "அது அவ ஜெயிச்சதும்மா. கழட்டாத" என்றார். நான் அழுதது அப்போதுதான்.

காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பில் பேனர் ஏறியது. மேலே சிலுவை, நடுவில் ஹெட்செட்டோடு அமலி, பெயருக்குக் கீழே 'பேனர் வடிவமைப்பாளர், வீடியோ கேம் வீராங்கனை'. சிரித்தவர்கள் இருந்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் அவர்களைவிட நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பச்சைப் பட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். இனி உங்கள் வீட்டுப் பெண்கள் எப்படி இருந்தார்களோ அப்படியே கொண்டுவாருங்கள். ஹெட்செட் அவள் மகளிடம் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டது அந்த மதிய நேரத்தை. சோற்று டப்பாவை மூடியதும் போனைத் திறக்கிறேன், மைக்கையும் திறந்தே வைக்கிறேன். இன்னும் ஒழுங்காகச் சுட வரவில்லை. நேற்று ஒருத்தன் கேட்டுவிட்டான், "ஆன்ட்டி, வீட்டுல பால் பொங்கலையா?"

"பொங்கட்டும்டா" என்றேன்.