நான் மறுத்த வகுப்பு

என் மகளுக்கு ஒன்பது வயதாகியும் வாசிக்க வரவில்லை. மற்ற எல்லாம் வந்தது. வானொலிச் செய்தியை ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கும்போது, போயா என்கிற பௌர்ணமி நாட்களில் அலை கரையோர ரயில் தண்டவாளத்துக்குக் கிட்ட வருவதைத் தானாகவே கவனித்து, "நிலாதான் இழுக்குது போல அப்பா" என்றாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் அவளுக்கு நின்ற இடத்தில் நிற்பதில்லை. முதல் வரி முடிவதற்குள் கண் கலங்கிவிடும்.

அவளுடைய வகுப்பாசிரியை என் மனைவியை அழைத்துப் பேசினார். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் இப்படியான பிள்ளைகளுக்குத் தமிழில் விசேட கல்வி வகுப்பு நடக்கிறது. தகப்பன் வந்து சம்மதித்தால் பிள்ளையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்றார். மனைவி அடுத்த நாளே போக ஆயத்தமானாள். நான் மறுத்துவிட்டேன்.

அது யுத்த காலம். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் கனடாவுக்குக் காத்திருந்தவர்கள். என் அண்ணன் அங்கிருந்து எங்களையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். தொலைபேசியில் அவரிடம் இதைச் சொன்னேன்.

"பிள்ளைக்கு மூளையிலை ஏதோ எண்டு ஒருக்கா பதிஞ்சால், மெடிக்கலிலை முழுக் குடும்பத்தையும் மறிச்சுப்போடுவாங்கள் தம்பி. வாயை மூடிக்கொண்டு இரு."

வாயை மூடிக்கொண்டேன். சில வருடங்கள் கழித்து அந்த மருத்துவப் பரிசோதனை நடந்தபோது நெஞ்சைப் படம் பிடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். பிள்ளைக்கு வாசிக்க வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பயத்தால் மட்டும் மறுத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். நான் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். மூன்று மொழியும் சரளம். என் பிள்ளைக்கு ஒரு மொழியிலும் வாசிக்க வரவில்லை என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவி இதை அறிந்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, கொழும்பிலை இருக்கிற தமிழ்ச் சனம் பதியவேணும் எண்டால் பொலிசிலை போய் எங்கடை பேரெல்லாம் பதிஞ்சுபோட்டு வாறியள். பள்ளிக்கூடத்திலை ஒரு பேரைப் பதியத்தான் பயமோ?"

அந்த வகுப்புக்குப் பதிலாக மகளை ரியூசனுக்கு அனுப்பினேன். அங்கே மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளை எழுப்பி வாசிக்கச் சொல்லுவாராம். "கோட்டிலை மூண்டு பாஷை கதைக்கிற ஆளின்ரை மகள், ஒரு பாஷை வாசியுங்கோ பாப்பம்!" பிள்ளைகள் சிரிப்பார்களாம். வீட்டில் நான் சிரிக்கவில்லை, குட்டினேன். கள்ளம் பண்ணுகிறாள் என்று உண்மையாகவே நம்பினேன். ஒரு வருடம் இப்படிப் போனது.

ஒரு போயா நாளன்று பின்னேரம் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அலை கற்களில் ஏறி அடித்தது. அவளைக் கதைக்க வைக்கலாம் என்று, "இண்டைக்குக் கடல் ஏன் குஞ்சு இவ்வளவு கிட்ட வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"நீதானே முந்தி எனக்குச் சொன்னனி?"

"அது பிழையா இருக்கும் அப்பா."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். என்னிலிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றாள். குட்ட என் கை எட்டாத தூரம் அது என்று எனக்கு விளங்கியது.

அந்தக் கிழமையே லீவு போட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியில் இரண்டு தடவை இராணுவத்தினர் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். விசேட வகுப்பு ஆசிரியை சின்ன உருவம், பெரிய குரல். பிள்ளைக்கு அறிவில் குறையில்லை, எழுத்து ஏறும் வழிதான் வேறு என்று விளக்கினார். எழுத்தை வேறு விதமாகப் பழக்குவாராம். அதுவரை கேள்வியை வாசித்துக் காட்டுவாராம், அவள் வாயால் பதில் சொன்னால் போதுமாம்.

"வாசிச்சுக் குடுத்தால் அது களவெல்லோ டீச்சர்?"

"அப்ப நீங்க கோட்டில அடுத்தவங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்றதும் களவா ஐயா?" என்று, என் வேலையை முதலிலேயே கேட்டுவைத்திருந்த ஆசிரியை சிரித்தார்.

பிறகு மகளிடம் ஒரு கேள்வியை வாசித்தார். அவள் என்னைப் பார்த்தாள். "தெரியாது" என்றாள். அடுத்த கேள்விக்கும் முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. பிள்ள உங்கள பாத்துக்கிட்டே இருக்கா."

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். முதலில் ஆசிரியையின் குரல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு சொல், இரண்டு சொல். கொஞ்ச நேரத்தில் என் மகள் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். இடையில் அவளே ஆசிரியையிடம் ஏதோ கேட்டாள். அந்தக் குரலை என் வீட்டில் கேட்டு ஒரு வருடமாகியிருந்தது. நான் இல்லாத இடத்தில்தான் அது வெளியே வந்தது.

வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் கதையை நிறுத்திக்கொண்டாள். சம்மதம் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன். புறக்கோட்டை தாண்டிய பிறகு அவளாகவே என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, டீச்சர் என்னட்டை என்ன கேட்டவ தெரியுமோ?"

"சொல்லு குஞ்சு" என்றேன்.