கீரிமலையில் சட்டையைக் கழற்றினேன்

யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் ஆளாளுக்கு எச்சரித்தார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், மீன்குழம்பின் காரம் வயிற்றைக் கிழிக்கும், பேசுவது பாதி புரியாது. அங்கே கோயிலுக்குள் நுழைய ஆண்கள் சட்டையைக் கழற்றியாக வேண்டும் என்பதை மட்டும் ஒரு பயலும் சொல்லவில்லை. ஏதோ ஒன்றிரண்டு கோயிலில் என்றால் பரவாயில்லை. தெருமுனைப் பிள்ளையாரிலிருந்து நல்லூர்வரை அதே சட்டம்தான்.

எனக்கு உடம்பில் வெண்புள்ளி. முகத்தில் இல்லை, கையில் இல்லை; கழுத்துக்குக் கீழே தொடங்கி நெஞ்சு, வயிறு, முதுகு என்று இஷ்டத்துக்குப் பரவியிருக்கும். வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்தது. அன்றிலிருந்து அம்மாவையும் டாக்டரையும் தவிர யாரும் என்னை வெற்றுடம்போடு பார்த்ததில்லை. மதுரையில் சட்டையோடு விடுகிற கோயிலாகப் பார்த்துப் போய்வருவேன். சட்டையோடு விடாத திருச்செந்தூருக்கு வீட்டோடு கிளம்பினால் எனக்கு மட்டும் சொல்லிவைத்தாற்போல் காய்ச்சல் வரும்.

நான் சேர்ந்தது முதுகலை வரலாறு. வரலாறு படிக்கிறவன் கோயில் பார்க்காமல் தப்ப முடியுமா? வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த உடுப்பிட்டிக்காரன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு, குடாநாடு முழுவதையும் எனக்குக் காட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டான். கோட்டை, கடற்கரை என்று போகும்வரை ஜோராகத்தான் இருந்தது. கோயில் வாசல் வந்ததும், “நீ போயிட்டு வா, நான் செருப்பைப் பாத்துக்கிறேன்” என்பேன். அவன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போவான். நான் வாசலில் நின்று கோபுரத்தைக் கோணம் கோணமாகப் படமெடுப்பேன். வெட்கக்கேடு!

நான்காவது, ஐந்தாவது கோயிலில் அவன் பார்வை மாறியது. வற்புறுத்துவதை நிறுத்திவிட்டான். கிறிஸ்துமஸுக்கு அவனுடைய அம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, எனக்கென்றே செய்த கேக்கை வைத்தார்.

“கூச்சப்படாதையுங்கோ தம்பி. ஆர் எதைக் கும்பிட்டால் என்ன, எல்லாம் ஒண்டுதான்” என்றார்.

எனக்கு மட்டும் ஏன் இந்த உபதேசம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேக் அவ்வளவு நன்றாக இருந்தது.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மானிப்பாயில் ஒரு பழைய தேவாலயத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினான். “இண்டைக்கு உன்ரை கோயில் மச்சான். நீ உள்ளுக்கை போ, செருப்பை நான் பாக்கிறன்” என்றான், முகமெல்லாம் சிரிப்பாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா எனக்கு வைத்தது தனித்தமிழ்ப் பெயர்; அதை வைத்து மதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நெற்றியிலும் ஒன்றும் பூசுவதில்லை. கோயில் வாசலைத் தாண்டுவதில்லை. பையன் என்னை வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்றே முடிவு கட்டிவிட்டான்.

உள்ளே போனேன். நல்ல காற்று, நல்ல பாட்டு. சட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நன்றிக்கே நான் மதம் மாறியிருப்பேன். ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தியாவிலை எந்தச் சபை தம்பி?” என்று கேட்டார். அங்கே நின்று பொய் சொல்ல வாய் வரவில்லை. “நான் இந்துங்க” என்றேன். “அதுக்கென்ன, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்று அவர் போய்விட்டார். எனக்குப் பின்னால் வந்து நின்ற உடுப்பிட்டிக்காரன் அதைக் கேட்டுவிட்டான்.

வாசலுக்கு வெளியே பிடித்துக்கொண்டான். “பின்னை ஏன்டா ஒரு கோயிலுக்கும் வராமல் நிண்டனீ? அம்மா உனக்கெண்டு கேக் எல்லாம் அடிச்சவ!”

பதில் சொல்வதற்குப் பதிலாகச் சட்டையின் மேல் பொத்தான்கள் மூன்றைக் கழற்றிக் காட்டினேன். பார்த்தான்.

“சொல்லியிருக்கலாமே மச்சான். சனம் இல்லாத நேரமாய்ப் பாத்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்” என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷமும் என்னை நானே ஒளித்துவைத்தது போதாதென்று இவன் வேறு பங்குக்கு வருகிறானா? “ஆளில்லாத நேரமா போய் ஒளிஞ்சு கும்பிட நான் என்ன திருடனாடா? கூட்டம் இருக்கிற எடமா சொல்லு. நாள் நீயே குறி” என்று கத்தினேன்.

அவன் யோசித்தான். “அப்ப கீரிமலைதான். கேணியும் இருக்கு, கோயிலும் இருக்கு. ஞாயிறு பின்னேரம் போனால் கால் வைக்க இடமிராது.”

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஞாயிறன்று கடற்கரைப் பாதையில் போனோம். மயிலிட்டியில் தேநீருக்கு நிறுத்தியபோது, “இப்பவும் திரும்பலாம்” என்றான். “வண்டிய எடுறா” என்றேன்.

கீரிமலையில் கடலை ஒட்டிய நன்னீர்க் கேணி. ஆண்கள் பக்கத்தில் அப்பாக்களும் பிள்ளைகளுமாக இரைச்சல். பையன்கள் மதிலிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் படியில் நின்று சட்டையைக் கழற்றி உடுப்பிட்டிக்காரன் கையில் கொடுத்தேன். என்னைப் பார்த்ததும் யாரோ ஒருவர், “ஏறடா, ஏறி வா!” என்று பிள்ளையைக் கூப்பிட்டார். தோளில் துண்டோடு நின்ற ஒரு பெரியவர் என்னை நெருங்கி வந்தார்.

“தம்பி, உது தொத்துற வருத்தமே? சின்னப் பிள்ளையளும் குளிக்குதுகள்.”

“ஒட்டாதுங்க. பயமா இருந்தா நீங்க ஏறிக்கங்க. நான் எறங்கத்தான் போறேன்.”

பக்கத்தில் உடுப்பிட்டிக்காரன் வாயைத் திறந்தான். வேண்டாம் என்று கையமர்த்தினேன். இது என் சண்டை. குதித்தேன்.

தண்ணீர் சில்லென்றிருந்தது. தலையைத் தூக்கியபோது பாதிப் பேர் படியேறிவிட்டார்கள். மீதிப் பேர் ஏறவில்லை. ஏறியவர்களைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது, தண்ணீருக்குள் யாருக்குத் தெரியப்போகிறது? கரைக்குக் கரை நீந்தினேன். உள்ளங்கை சுருங்கும்வரை ஏறவில்லை.

ஈர வேட்டியோடு, மேலுக்கு ஒன்றும் போடாமல், பக்கத்துச் சிவன் கோயிலுக்குள் போனோம். சனம் நெருக்கியடித்தது. சிலர் விலகினார்கள், அந்த வழியிலேயே முன்னுக்குப் போய் நின்று நன்றாகக் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்று கேட்டால், ஒன்றுமே வேண்டவில்லை.

வெளியே வந்து வீதியில் நின்றபடியே அம்மாவுக்கு வீடியோவில் அழைத்தேன். திரையில் என்னைப் பார்த்ததும் அம்மா பதறிவிட்டார். “டேய், என்ன கோலம் இது? சட்டையப் போடுடா, யாராவது பாத்துடப் போறாங்க!”

“எல்லாரும் பாத்தாச்சும்மா” என்றேன்.