மச்சானின் காரில் சூப்பர்சார்ஜர் இருந்தது

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்க்கொண்டிருந்த வாரம், சிரம்பானிலிருந்து மலாக்காவுக்கு ஐம்பத்திரண்டு மைல் ஒரு பழைய காரில் போனேன். உல்லாசப் பயணம் அல்ல. என் தங்கை அஞ்சலையின் கணவர், என் மச்சான் வேலு, தவறி மூன்றாம் நாள். அவர் பிறந்தது மலாக்கா தெங்கேராவில். தன் அஸ்தியைத் தன் காரிலேயே கொண்டுபோய் அந்தக் கடற்கரையில் கரைக்க வேண்டும், இன்னொருவன் வண்டியில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான்காரன் சண்டைக்கு முந்தியது. ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடம் மச்சான் வாங்கியது. அதில் சூப்பர்சார்ஜர் இருக்கிறது, காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும் யந்திரம், என்று பத்து வருடமாகச் சொல்லிவந்தார். நான் நம்பவில்லை. லிங்கி ஆற்று முதலையைக் குடைக்கம்பால் மிரட்டி அக்கரைக்குத் துரத்தியவன் என்று நாடறிந்தவன் நான். இன்னொருவர் புளுகினால் எனக்குத் தெரியாதா? கல்யாண வீடுகளில், "மச்சான் காரிலே தையல் மெஷின் பூட்டியிருக்கார், பத்திரம்!" என்பேன். சபையே சிரிக்கும். மச்சானும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். மடியில் சிவப்புத் துணி கட்டிய செம்போடு அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பினில் முப்பத்திரண்டாம் மைலில் நிறுத்தினோம். காப்பி பதினைந்து காசு, நன்றாக இருந்தது. அவள் குடிக்கவில்லை. அலோர் காஜா தாண்டியதும் முன்பக்கம் ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பியது. ஆயிரம் பெருச்சாளிகளுக்கு ஒரே நேரத்தில் பல்வலி வந்தாற்போல இருந்தது. நான் அதையும் வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணே, பேசாம ரோட்டப் பாரு."

எங்கள் அவசரம் கடலோடு. தெங்கேராவில் பத்தரைக்கு மேல் நீர் வற்றத் தொடங்கும்; பிறகு சாயங்காலம்வரை முழங்கால் சேறுதான். எட்டே முக்காலுக்குக் காஜா பேராங் வந்தோம். கடலுக்கு இன்னும் இரண்டு மைல். சத்தம் அலறலாகிவிட்டது. சாலையோரப் பட்டறையிலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"மாத்திகான்! மாத்திகான்!" எஞ்சினை அணைக்கச் சொல்கிறார். அணைத்தேன்.

பெயர் நாராயணன். பல தலைமுறைக்கு முன்பே தமிழை மறந்த மலாக்காச் செட்டி. நெற்றியில் திருநீறு, நாக்கில் முழுக்க மலாய். மூடியைத் திறந்து பார்த்தார். துடுப்பு துடுப்பாக வரிகள் வைத்த இரும்புப் பெட்டி ஒன்றைத் தட்டினார். கார்புரேட்டர் எஞ்சினில் பூட்டியிருக்கவில்லை. இந்தப் பெட்டியின் விலாவில் தொங்கியது. முன்னாலிருந்து ஒரு பெல்ட் வந்து பெட்டியின் சக்கரத்தைச் சுற்றுகிறது.

"பெத்துல். சூப்பர்சார்ஜர்" என்றார். நிஜம்தான் என்கிறார். யாரும் கேட்காமலே சொன்னார்.

பெட்டியின் ஓரத்துத் திருகாணியைக் கழற்றி ஒரு கம்பியை விட்டு எடுத்தார். கம்பி காய்ந்திருந்தது. பல்சக்கரங்களுக்குத் தனி எண்ணெய் உண்டாம். இன்னும் ஒரு மைல் ஓடியிருந்தால் உள்ளே எல்லாம் இறுகி, வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டுமாம்.

அஞ்சலை இறங்கி வந்தாள். "மாசத்துக்கு ஒருக்கா அவரே குந்தி ஊத்துவாரு. ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மாசமாச்சே. உங்கிட்டச் சொல்லலியாண்ணே?"

சொல்லியிருந்தார். கட்டிலில் கிடந்தபடி, "அதுக்குத் தனியா எண்ணெய் பாரு மச்சான்" என்று என் கையைப் பிடித்தார். சாகப்போகிற மனுஷர் கடைசி வரை புளுகை விடமாட்டேன் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அஞ்சலையிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. செம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"டாக்சி கூப்பிடவா?" என்று அவளைக் கேட்டேன்.

"வேணாம். அவரு காரு போவும்."

நாராயணன் பெல்ட்டைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். முதலில் அசையவில்லை. பிறகு முனகிக்கொண்டே சுற்றியது. எண்ணெய் ஊற்றினார், ஊறவிட்டார், மறுபடி சுற்றினார், பெல்ட்டை இழுத்து மாட்டினார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எண்ணெய்க்கு ஒரு வெள்ளி வாங்கினார். செம்பைப் பார்த்துவிட்டுக் கூலி வேண்டாம் என்று கும்பிட்டார்.

பத்தேகாலுக்குத் தெங்கேரா. தண்ணீர் இடுப்பளவு நின்றது. செம்பைக் கவிழ்க்குமுன், வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் கூட்டாமல் பேசினேன்: "இருக்கு மச்சான். என் கண்ணால பாத்துட்டேன்."

அஞ்சலை, "சத்தமாச் சொல்லு" என்றாள். சத்தமாகச் சொன்னேன்.

இதே வழியில் வருகிறவர்கள் நீர் ஏறும் நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள். பழைய கார் என்றால் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் எதில் தொங்குகிறது என்று பாருங்கள். துடுப்புப் பெட்டி இருந்தால் ஐந்நூறு மைலுக்கு ஒருமுறை அதன் எண்ணெயைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. வேகத்தோடு ஏறும் மெல்லிய ஊளை அதன் இயல்பு. கீச்சென்றால் உடனே நிறுத்துங்கள். உங்கள் மச்சான் தன் காரில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால், அவர் பக்கத்தில் நிற்கும்போதே திறந்து பாருங்கள்.